பாம்பன் பாலத்தில் பிளந்த ரன்-ஃபிளாட் டயர்: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணியளவில், பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்த ஒரு காரின் இடது பின் டயர் பிளந்தது. அது ரன்-ஃபிளாட், அதாவது காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய வகை டயர். காருக்குள் இரண்டு சிறுவர்கள் உட்பட ஐந்து பேர். அந்த ஆண்டு ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூக்குக் கோபுரங்களைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று ஓட்டியவர் வேகத்தைக் குறைத்திருந்தார். அதனால் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டே கால் கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளம், இருபுறமும் கடல், எதிரே வரிசையாக பஸ்கள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

மறுநாள் அந்தக் கார் ரெக்கவரி வண்டியில் ஏறி என் கடைக்கு வந்தது. ராமநாதபுரத்தில் டயர் விற்பதும் வீல் அலைன்மென்ட் பார்ப்பதும் என் தொழில், இருபத்தொரு ஆண்டுகளாகிறது. இந்தக் கரையில் ஓடும் வண்டிகளின் டயர்களில் எத்தனையோ விதமான சாவைப் பார்த்திருக்கிறேன். இந்த டயர் செத்த விதத்தை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. இதில் பங்கெடுத்த ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த வரையில் சரியாகவே நடந்துகொண்டார்கள். அப்படியிருந்தும் டயர் பாலத்தில் பிளந்தது.

கார், பெயர்பெற்ற ஐரோப்பியச் சொகுசு நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு. நிறுவனத்தின் பெயரையோ டயரின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. உரிமையாளர் கீழக்கரைக்காரர், ஐம்பத்தெட்டு வயது, முப்பது ஆண்டு வளைகுடா நாட்டு உழைப்பு. கீழக்கரையில் மூத்தவரைக் காக்கா என்று அழைப்பது வழக்கம்; நானும் அவரை அப்படியே அழைக்கிறேன். சென்னையில் ஒரு பழைய கார் விற்பனையாளரிடம் அதை வாங்கி ஒரு வருடமாகியிருந்தது. அவர் இளமையில் துபாயில் ஒரு முதலாளியிடம் ஓட்டுநராக இருந்தபோது ஓட்டிய கார் அதே நிறுவனத்துடையது. “ஒருநாள் எனக்கென்று ஒன்று வாங்குவேன்” என்று அப்போது நினைத்ததை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு வண்டியின் நற்பெயர் என்பது சிலருக்கு இப்படி முப்பது வருடம் மனத்தில் வளர்ந்த ஒன்று. அதைப் பட்டியல் போட்டு அளந்துவிட முடியாது.

வியாழன் இரவு

காக்காவின் உம்மாவும் மகளும் பேரப்பிள்ளைகளும் சென்னையிலிருந்து விமானத்தில் தூத்துக்குடி வந்தார்கள். அழைத்துவரப் போனது காக்காவின் தங்கை மகன். இருபத்து நான்கு வயது. நிதானமாக ஓட்டுகிற பையன். எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். காரில் ஐந்து பேர், பின்னால் நான்கு பெட்டிகள். மழை தூறிக்கொண்டிருந்தது.

வேம்பார் தாண்டியதும் முன்பலகையில் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பையன் காக்காவுக்குப் போன் செய்தான். “மாமா, டயர் விளக்கு எரிகிறது.” காக்கா சொன்ன பதில்: “அது மழைக்கு எரியும். போன மாதமும் எரிந்தது, பங்க்கில் காற்று பார்த்தேன், சரியாகவே இருந்தது. நீ வா.”

இந்தப் பதிலை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் காரில் உள்ளது சக்கரத்துக்குள்ளிருந்து அழுத்தத்தை நேரே அளக்கும் கருவி அல்ல. காற்று குறைந்த சக்கரத்தின் ஆரம் கொஞ்சம் குறையும். மற்றவற்றைவிட அது சற்று வேகமாகச் சுற்றும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் உணரிகள் அந்த வேறுபாட்டைக் கவனித்து விளக்கை எரியவைக்கும். இந்த வகையில், காற்று நிரப்பிய ஒவ்வொரு முறையும் திரையில் போய் ‘இதுதான் சரியான அழுத்தம்’ என்று வண்டிக்குப் புதிதாகப் பதிவுசெய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் விளக்கு காரணமில்லாமல் எரியும், அல்லது எரிய வேண்டிய நேரத்தில் எரியாது. காக்காவுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. ஒருமுறை பொய்யாக எரிந்த விளக்கை அடுத்த முறை யார் நம்புவார்?

பையன் சாயல்குடி வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் வேகத்திலேயே வந்திருக்கிறான். பிறகு வண்டி பின்னால் கனப்பதுபோல் தோன்றியிருக்கிறது. நிறுத்தி, இறங்கி, மழையில் செல்போன் வெளிச்சத்தில் நான்கு டயரையும் பார்த்தான். நான்கும் நின்றுகொண்டிருந்தன. இடது பின் டயரின் அடிப்பக்கம் மட்டும் லேசாகப் பிதுங்கியிருந்ததாகப் பிறகு என்னிடம் சொன்னான். சாதாரண டயராக இருந்திருந்தால் ரிம் தரையில் உட்கார்ந்திருக்கும், குழந்தைக்கும் தெரியும். அங்கிருந்து அறுபதிலேயே ஓட்டிப் பத்தேகாலுக்கு வீடு சேர்ந்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த இரவில் அந்த டயர் தன் கடமையைச் செய்தது. சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் நடுவே இரவில் போனவர்களுக்குத் தெரியும்: இருபுறமும் சீமைக் கருவேலம், நடுவில் சாலை, விளக்கில்லாத பல கிலோமீட்டர்கள். எழுபத்தொன்பது வயது உம்மாவையும் குழந்தைகளையும் மழையில் இறக்கி நிறுத்தி, பெட்டிகளை எல்லாம் வெளியே எடுத்து, ஈர மண்ணில் ஜாக்கி வைக்க வேண்டிய நிலை வரவில்லை. ரன்-ஃபிளாட் டயர் கண்டுபிடிக்கப்பட்டதே இந்த ஒரு இரவுக்காகத்தான். அதை ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்கள் அந்தச் சாலையில் ஒரு முறை இரவில் டயர் மாற்றிப் பார்க்கட்டும்.

அந்தப் பக்கச்சுவருக்குள் என்ன இருக்கிறது

சாதாரண டயரில் வண்டியின் எடையைச் சுமப்பது காற்று. பக்கச்சுவர் வெறும் தோல். காற்று போனால் தோல் மடங்கிவிடும். ரன்-ஃபிளாட்டில் பக்கச்சுவருக்குள்ளே பிறை வடிவில் கெட்டியான ரப்பர் பட்டை ஒன்றை வைத்து வார்த்திருப்பார்கள். காற்று போனால் அந்தப் பட்டை எடையைத் தாங்கும். ஆனால் அது கொஞ்ச நேரத்துக்குத்தான். தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு எண்பதுக்கு எண்பது: காற்றில்லாமல் எண்பது கிலோமீட்டர் தூரம், மணிக்கு எண்பதைத் தாண்டாத வேகம். சுமை கூடினாலும் வேகம் கூடினாலும் வெயில் கூடினாலும் அந்தத் தூரம் குறையும்.

ஏன் குறைகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். அந்த அளவு சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நகரும். ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு சுற்று. வேம்பாரிலிருந்து கீழக்கரை வரை ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டர். அப்படியானால் அந்தப் பக்கச்சுவரின் ஒவ்வோர் இடமும் அன்றிரவு முப்பதாயிரம் முறை மடங்கி நிமிர்ந்திருக்கிறது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் மடங்கும் இடம் சுடும், ரப்பரும் அப்படித்தான். சூடு உள்ளே ஏறும், ரப்பர் இளகும், உள்ளிருக்கும் நூலிழைகளை விட்டுப் பிரியும். அன்று பெய்த மழை வெளிப்புறத்தைக் குளிர்வித்திருக்க வேண்டும். இதே ஓட்டம் சித்திரை மாதப் பகலில் என்றால் ஏர்வாடியைத் தொட்டிருக்குமா என்பது சந்தேகம்.

இந்த யோசனை புதிதல்ல. 1970களிலேயே டன்லப் நிறுவனம் டெனோவோ என்ற பெயரில் காற்றுப் போனாலும் ஓடக்கூடிய டயரை விற்றது. 1997இல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட் என்ற அமெரிக்கக் கார் ஸ்டெப்னி இல்லாமல் இவ்வகை டயரோடுதான் கடைக்கு வந்தது. இன்று டயரின் பக்கத்தில் உள்ள எழுத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்: பிரிட்ஜ்ஸ்டோன் என்றால் ஆர்எஃப்டி, குட்இயர் என்றால் ஆர்ஓஎஃப், மிஷெலின் என்றால் இசட்பி, கான்டினென்டல் என்றால் எஸ்எஸ்ஆர். பழைய கார் வாங்குகிறவர்கள் இன்ஜின் மூடியைத் திறக்கும் முன் குனிந்து இந்த எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்; 2320 என்றால் 2020ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்த டயர். காக்காவின் பின் டயர்கள் இரண்டும் 2020இல் செய்தவை.

வெள்ளி

ஜும்ஆ முடிந்து காக்கா காரை வெளியே எடுத்தார். பகல் வெளிச்சத்தில் டயர் குறைவாக இருப்பது தெரிந்தது. தெருமுனைப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனார். அங்கே இருப்பது பத்து வருடம் தொழில் பழகிய ஒரு தம்பி. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து ஆணியைக் கண்டுபிடித்தான். நாட்டுப் படகுக்கு அறைகிற நான்கு பட்டை ஆணி. கரையோர ஊர்களில் எங்கே வேண்டுமானாலும் கிடக்கும்.

(எங்கள் பகுதியில் டயர் என்றாலே கருவேல முள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். சைக்கிளுக்கும் பைக்குக்கும் அது எமன்தான். கார் டயரில் அது பெரும்பாலும் மெதுவாகக் காற்றை இறக்கும். ஒரே இரவில் முழுவதையும் இறக்குவது ஆணி, போல்ட், உடைந்த பிளேடு ஆகியவைதான்.)

தம்பி ஆணியைப் பிடுங்கினான், ஓட்டையைத் தேய்த்து அதை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் ஏற்றினான், காற்று முப்பத்தைந்து வைத்தான், சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்த்தான். வரவில்லை. நூற்றைம்பது ரூபாய் வாங்கினான். டியூப்லெஸ் டயருக்கு எதைச் செய்ய வேண்டுமோ அதைக் குறையில்லாமல் செய்திருக்கிறான். டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்க்கவில்லை. ஸ்ட்ரிப் போடும்போது யாரும் கழற்றுவதில்லை. தவிரவும் அந்தப் பக்கச்சுவரை அவனிடமிருந்த கடப்பாரையால் நெம்பியிருக்கவே முடியாது. என் மெஷினிலேயே துணைக் கை போட்டால்தான் அது வழிக்கு வந்தது.

காற்று நின்றது. விளக்கு அணைந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல டயர். மூன்றாம் நாள் விருந்தினரோடு தனுஷ்கோடிக்குக் கிளம்பினார்கள்.

வெட்டிப் பார்த்தது

திங்கள்கிழமை மதியம் காக்காவின் முன்னிலையிலேயே டயரைக் கழற்றினேன். ரிம்மிலிருந்து ஒரு பக்கம் விடுபட்டதும் உள்ளேயிருந்து கறுப்புத் தூள் கொட்டியது. தரையில் செய்தித்தாள் விரித்துக் கவிழ்த்தேன். இரண்டு கை கொள்ளும் அளவு. கரிமூட்டம் பிரித்த இடத்தில் நடந்தால் காலில் ஒட்டுமே, அந்தத் தூள் மாதிரி. ஆனால் விரலில் எடுத்து அழுத்தினால் உருளும். அவ்வளவும் பக்கச்சுவரின் உள்தோல், உரசி உரசி உதிர்ந்தது.

பிறகு டயரைக் குறுக்கே அறுத்தேன். உள்பக்கம் முழுவதும், தரையில் படும் பரப்பும் பக்கச்சுவரும் சேரும் தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே, வட்டமாக ஒரு பட்டை தேய்ந்து மங்கியிருந்தது. அதில் விரலை வைத்து நகர்த்தினால் சுருக்கங்கள் தட்டுப்பட்டன. ஓரிடத்தில் நூலிழைகள் வெளியே தெரிந்தன. ரப்பரை விட்டு அவை தனியே அசைந்தன. பிளவு தொடங்கியது அந்த இடத்தில்தான். ஸ்ட்ரிப் போட்ட ஓட்டையோ அப்படியே இறுக்கமாக அடைபட்டுக் கிடந்தது. கீழக்கரைத் தம்பியின் வேலை கடைசிவரை கசியவில்லை.

அதாவது, ஞாயிற்றுக்கிழமை பிளந்த டயர் வியாழன் இரவே செத்துவிட்டது. வெள்ளியன்று அதற்குள் காற்றை மட்டும் நிரப்பியிருக்கிறார்கள். அழுத்தத்தைப் பார்க்கும் எந்த விளக்காலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அழுத்தம் சரியாக இருந்தது, சுமக்க வேண்டிய சுவர்தான் இல்லை. காற்றில்லாமல் ஓடிய ரன்-ஃபிளாட்டைக் கழற்றி உள்ளே பார்க்காமல் மீண்டும் ஓட்டக் கூடாது. எவ்வளவு தூரம், என்ன வேகம் என்று தெரியாவிட்டால் தூக்கிப் போட வேண்டும். காரின் கையேட்டிலும் இதே எச்சரிக்கை இருந்தது. கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் முன்பெட்டியில் இருந்தது. ஆங்கிலத்தில், நானூறு பக்கம்.

காக்கா அந்தத் தூளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “தம்பி, இது மேல்தான் பிள்ளைகளை உட்காரவைத்துக் கூட்டிப்போயிருக்கிறேனா?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

கடை பெஞ்சில் ஆறு நாள்

அந்த அளவில் அந்த வகை டயர் ராமநாதபுரத்தில் இல்லை. மதுரையில் நான்கு கடைகளுக்குப் போன் செய்தேன், இல்லை. சென்னையிலிருந்து வர ஆறு நாள் ஆயிற்று. காரில் ஸ்டெப்னி இல்லை, ஸ்டெப்னி வைக்கும் குழியும் இல்லை, ஜாக்கியும் இல்லை. ஆறு நாளும் அது என் கடை முற்றத்தில் கட்டைமேல் நின்றது. அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சில் பாதிக்கு மேல் பயனுள்ளது.

ராமேஸ்வரத்தில் மூன்று இன்னோவா வைத்துத் தொழில் செய்யும் டிராவல்ஸ்காரர்தான் முதலில் தொடங்கினார். பாலத்தில் நின்ற குடும்பத்தை அன்று தன் வண்டியை அனுப்பி ஏற்றிக்கொண்டவரும் அவர்தான், காசு வாங்கவில்லை. “ஸ்டெப்னி இல்லாத வண்டியில் நான் யாத்திரிகர்களை ஏற்ற மாட்டேன். அது எந்த நாட்டு வண்டியாக இருந்தாலும் சரி” என்றார். அவருக்கு வண்டியின் நற்பெயர் என்பது நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் வழியில் நிற்காதது. 2005இல் அந்த மாடல் வந்த நாளிலிருந்து வேறெதையும் அவர் வாங்கியதில்லை.

உச்சிப்புளியிலிருந்து வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வேறொரு பக்கத்தைப் பிடித்தார். அவர் வைத்திருப்பது ஃபோர்டு. 2021 செப்டம்பரில் அந்த நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது பலர் அவரிடம் துக்கம் விசாரித்தார்கள். “என் வண்டி இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது. வண்டி நல்ல வண்டி என்பது வேறு, நாளைக்கு அதைப் பார்க்க ஆள் இருப்பான் என்பது வேறு. நாம் இரண்டையும் ஒரே பெயரில் ‘நல்ல கம்பெனி’ என்று சொல்லிவிடுகிறோம்” என்றார். ஆறு நாளில் அந்தப் பெஞ்சில் பேசியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

புது மாடல் பேச்சைக் கொண்டுவந்தவர் ஓர் இளம் பொறியாளர். 2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறந்ததிலிருந்தே அவருக்கு அதன்மேல் ஆசை. செப்டம்பரில் விஎஃப்6, விஎஃப்7 இரண்டும் விற்பனைக்கு வந்தன. “நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில் செய்கிற கார். இதைவிடப் பக்கம் எது?” என்று கேட்டார். தலைமையாசிரியர் உடனே, “என் வண்டியும் மறைமலைநகரில் செய்ததுதான், தம்பி” என்றார். பெஞ்சு கொஞ்ச நேரம் அமைதியானது. பொறியாளர் விட்டுக்கொடுக்கவில்லை. உள்நாட்டு நிறுவனங்களையும் பத்து வருடம் முன்பு யாரும் நம்பவில்லை, 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய பிறகுதான் பேச்சு மாறியது, புதியவர்களுக்கும் அந்த வாய்ப்பைக் கொடுக்க வேண்டும் என்றார். அதுவும் நியாயம்தான்.

என் கருத்தைக் கேட்டார்கள். நான் ஸ்டெப்னியின் கதையைச் சொன்னேன். அந்தப் பெயரே ஒரு தெருவின் பெயர். வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார். அதற்கு முன் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் ஓடின. பஞ்சரானால் அங்கேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டும். அதற்கு அவர் கண்ட வழிதான் நம் ஊர்ப் பஞ்சர் கடைகள்வரை வந்து தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. இப்போது அந்தச் சக்கரம் மறுபடியும் வண்டியை விட்டுப் போகிறது. 2020இல் நம் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள்: மூன்றரை டன்னுக்கு உட்பட்ட பயணிகள் காரில் டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் சரிசெய்யும் கருவியும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. எடை குறையும், இடம் கிடைக்கும், மின்கார் என்றால் பேட்டரிக்குப் பயன்படும். காரணங்கள் எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கருவியில் உள்ள திரவம் டயரின் மிதிபரப்பில் உள்ள சின்ன ஓட்டையைத்தான் அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் அடைக்காது, ரிம் ஓரத்தில் கசிந்தாலும் அடைக்காது. உப்புக் காற்றில் நிற்கும் எங்கள் பகுதி அலாய் வீல்களின் ஓரம் வெள்ளையாகப் பூத்துக் கசிவது நான் வாரந்தோறும் பார்க்கிற காட்சி. கம்பித் தூரிகையால் தேய்த்துப் பசை தடவி மாட்டினால்தான் நிற்கும்.

எண்பது கிலோமீட்டர் வட்டம்

காக்கா ஒருநாள் என்னிடம் நேரடியாகக் கேட்டார்: “சொல்லுங்கள் தம்பி, கம்பெனி மேல் தப்பா, என் மேல் தப்பா?”

கடைச் சுவரில் மாட்டியிருக்கும் மாவட்ட வரைபடத்தைக் காட்டினேன். கீழக்கரையை நடுவில் வைத்து எண்பது கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால் ராமநாதபுரம் வரும், பரமக்குடி வரும், ராமேஸ்வரம் வரும். தூத்துக்குடி சாலைவழியே நூறைத் தாண்டுகிறது. மதுரை நூற்றிமுப்பது. அந்தக் காரின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையம் மதுரையில். அந்த அளவு டயர் அன்று இருந்தது சென்னையில். எண்பது என்ற கணக்கைப் போட்டவர்கள், அந்தத் தூரத்துக்குள் டயரைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்தவரும் மாற்று டயரும் கிடைக்கும் என்று எண்ணிப் போட்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஊரில் அது உண்மை. கீழக்கரையில் அந்த டயர் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அதற்கு மேல் அதற்கு வழியில்லை.

வெளிநாட்டில்கூட இது நடந்திருக்கிறது. மிஷெலினின் பாக்ஸ் என்றொரு ரன்-ஃபிளாட் முறை, ரிம்முக்குள் தாங்கு வளையம் வைத்தது, 2005 ஹோண்டா ஒடிசியின் உயர்ரக மாடலில் அமெரிக்காவில் வந்தது. அதைக் கழற்றி மாட்டத் தனிச் சாதனம் வேண்டும். அது எல்லாக் கடைகளிலும் இல்லை. உரிமையாளர்கள் வழக்குவரை போனார்கள், அந்த முறையும் வழக்கொழிந்தது. அதைப் பழுதுபார்க்க ஆள் கிடைக்காதது பெரிய பிரச்சினை.

ஆனால் காக்காவின் கேள்விக்கு இது பாதிப் பதில்தான். மீதிப் பாதி, அந்தக் கார் கைமாறியபோது நடந்தது. முதல் உரிமையாளருக்கு ஷோரூமில் யாரோ ஒருவர் ரன்-ஃபிளாட்டைப் பற்றி விளக்கியிருப்பார். இரண்டாவதாக வாங்கியவருக்குச் சாவியும் ஆர்சி புத்தகமும் கைக்கு வந்தன. அந்த விளக்கம் வரவில்லை. விற்றவர் ‘நான்கு டயரும் நல்ல நிலை’ என்று மட்டும் சொன்னார். என் கடைக்கே அந்தக் கார் ஒருமுறை அலைன்மென்டுக்கு வந்திருக்கிறது. பக்கச்சுவரில் இருந்த எழுத்தை நானும் பார்த்தேன். “காக்கா, இது தனி வகை டயர், காற்றிறங்கி ஓடினால் என்னிடம் கொண்டுவராமல் காற்று நிரப்பாதீர்கள்” என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை அன்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் பேசாமல் இருந்தார்.

பிறகு என்ன செய்தோம்

சாதாரண டியூப்லெஸ் டயருக்கு நான்கையும் மாற்றிவிடலாமா என்று யோசித்தோம். விலை குறையும், பயணம் மென்மையாகும், எங்கும் கிடைக்கும். மாற்றியவர்கள் பலர் உண்டு; அதில் தவறில்லை, நான்கையும் மாற்ற வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஒரே அச்சில் ஒருபக்கம் ரன்-ஃபிளாட்டும் மறுபக்கம் சாதாரணமும் போட நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். காக்கா யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். “அன்றைக்கு ராத்திரி சாயல்குடி ரோட்டில் உம்மா இறங்காமல் வீடு வந்து சேர்ந்தார்களே, அது போதும் எனக்கு.” பின்னால் இரண்டும் புது ரன்-ஃபிளாட். ஒன்று இருபத்திரண்டாயிரத்துக்கு மேல் ஆயிற்று. அதோடு அந்தக் காரின் போல்ட் அமைப்புக்குப் பொருந்தும் ஒல்லியான தற்காலிகச் சக்கரம் ஒன்றும் ஜாக்கியும் வரவழைத்து, டிக்கியில் பெல்ட்டால் கட்டிவைத்தோம். ஒரு பெட்டிக்கான இடம் போனது.

காற்று நிரப்பியதும் திரையில் பதிவுசெய்வது எப்படி என்று பையனுக்கு நான்கு முறை செய்துகாட்டினேன். அவனே தமிழில் ஒரு தாளில் எழுதினான்: ‘விளக்கு எரிந்தால் நிறுத்திப் பார். எண்பதுக்குக் கீழே போ. கிலோமீட்டரைக் குறித்துவை. காற்று நிரப்பும் முன் டயரைக் கழற்று.’ லேமினேட் செய்து சூரியத் தடுப்பின் பின்பக்கம் ஒட்டிவிட்டான். அந்த வாரத்திலிருந்து என் கடையில் எந்த வண்டி ஏறினாலும் முதலில் பக்கச்சுவர் எழுத்தைப் படித்து பில்லிலேயே தமிழில் குறித்துக் கொடுக்கிறேன். பொறியாளர் இன்னும் வண்டி எடுக்கவில்லை. எந்த ஷோரூமுக்குப் போனாலும் முதலில் டிக்கித் தரையைத் தூக்கிக் காட்டச் சொல்வதாகக் கேள்வி.

கார்த்திகை பிறந்த பிறகு ஒருநாள் கீழக்கரைப் பஞ்சர் கடைத் தம்பி பஸ்ஸில் வந்து இறங்கினான். தான் ஸ்ட்ரிப் போட்ட டயர் பாலத்தில் வெடித்தது என்று ஊரில் பேசுகிறார்களாம், தூக்கமில்லை என்றான். அறுத்த பாதி டயரைச் சுவரிலிருந்து இறக்கி அவன் மடியில் வைத்தேன். ஸ்ட்ரிப் இருந்த இடத்தை முதலில் தேடி, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். அசையவில்லை. பிறகு உள்பக்கத் தேய்மானத்தைத் தடவி, பிரிந்து நின்ற நூலிழைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தான். பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

“அண்ணே, இதில் ஒரு துண்டு அறுத்துத் தருவீர்களா? கடையில் தொங்கவிட வேண்டும்” என்றான். ஒரு சாண் நீளத்துக்கு அறுத்துக் கொடுத்தேன். செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு கீழக்கரை பஸ் ஏறினான்.